மோயாமோயா: ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

கேள்வி, 9 மார்ச் 2022

என் மகனுக்கு ஐந்து வயது. மோயாமோயா (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கும் நோய்) என்று கண்டுபிடித்து இடது பக்கம் மூளையில் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறோம். நேற்று தடுக்கி விழுந்து அழுதான். அழுது முடிப்பதற்குள் வலது கை தொங்கிவிட்டது, பேச்சும் குழறியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியானது. அப்படியென்றால் ஆபரேஷன் தோல்வியா? இவ்வளவு பட்டும் பழையபடிதானா? இந்த நோய் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.
— ஓசூரிலிருந்து ஓர் அப்பா

9 மார்ச் 2022, இரவு

தோல்வி இல்லை தம்பி. ஆனால் இப்போதே உங்கள் சர்ஜனுக்கோ வார்டுக்கோ போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள், காலை வரை வைத்திருக்க வேண்டாம். மறுபடி வந்தால் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். சமாதானப்படுத்தி மூச்சை மெதுவாக விட வையுங்கள். கை திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்றால் யோசிக்காமல் 108. மற்றது நாளை எழுதுகிறேன். என் மகளுக்கு நாலு வயதில் இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனது. இப்போது ஏழு. திண்டுக்கல் பக்கம் இருக்கிறோம்.

10 மார்ச் 2022

எனக்கு அன்று யாரும் சொல்லாததை எழுதுகிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்கழுத்துத் தமனி, மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. அதுதான் நோய். ஈடுகட்ட நூல் நூலாகச் சின்னக் குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் அவை போதாது. குழந்தை தேம்பி அழும்போது வேகவேகமாக மூச்சு வாங்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் இன்னும் இறுகும். ஏற்கெனவே அரைகுறை ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அந்த நேரம் ரத்தம் எட்டாது. கை தொங்குவது அதனால்தான்.

ஆபரேஷன் அந்தச் சுருக்கத்தைத் தொடுவதே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் செய்யும் முறையில், காதுக்கு முன்னால் துடிக்கிற தோல் தமனியைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேல்பரப்பில் படியும்படி வைத்து மூடுகிறார்கள். எங்கள் பக்கம் முல்லைக் கொடியைப் பதியம் போடுகிற மாதிரிதான். அங்கிருந்து புதுக் குழாய்கள் கிளம்பி மூளைக்குள் இறங்க வேண்டும். நன்றாகத் தெரிய மூன்று நான்கு மாதம், முழுசாகப் பிடிக்க ஒரு வருடம் வரை ஆகலாம். அதுவரை பிள்ளை பழைய ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறான். பக்கவாத ஆபத்து அதிகம் இருப்பதும் ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதத்தில்தான். அதனால் நேற்று நடந்ததைப் பார்த்து நம்பிக்கை இழக்காதீர்கள், அசட்டையாகவும் இருக்காதீர்கள்.

12 மார்ச் 2022

சர்ஜன் என்ன சொன்னார் என்று எழுதியதற்கு நன்றி. நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அவர் அழுத்திச் சொன்னாரே, அது வெறும் உபதேசம் இல்லை. உடம்பில் நீர் வற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும், அந்தச் சின்னக் குழாய்களில் ஓட்டம் குறையும். எங்கள் வீட்டில் அந்த முதல் கோடை முழுக்க மோர், இளநீர், பழையசோற்று நீராகாரம் என்று மாறி மாறி ஓடியது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே மாட்டோம். நேராக ஆஸ்பத்திரி, டிரிப்ஸ்.

ஊதுகிற எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பலூன், பீப்பி, மவுத் ஆர்கன், பிறந்தநாள் மெழுகுவத்தி. சுடுசோற்றை அவனே ஊதிச் சாப்பிடாமல் ஆற வைத்துக் கொடுங்கள். காரம் தூக்கலாக இருந்தால் உஸ் உஸ் என்று மூச்சு வாங்குவான், அதுவும் அதே கதைதான். என் மகளுக்கு முதன்முதலில் கை விழுந்தது சூடான ரசத்தை ஊதி ஊதிக் குடித்தபோது. கிண்ணம் கையிலிருந்து நழுவியது. குறும்பு என்று நினைத்து அதட்டினோம், அவள் அழ, வாயும் கோணியது.

12 மார்ச் 2022

ஒன்று விட்டுப்போனது. ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுக்கும் அறையில் குழந்தையிடம் காகிதக் காத்தாடியைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் செய்வதுதான். நம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. சீட்டிலேயே நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே போகும்போது வாயாலும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நோய் தெரியாமல் என் மகளுக்கு வெகு நாள் வலிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரிசோதனையில் அவள் ஊதி ஊதி, கட்டிலிலேயே ஒரு பக்கம் துவண்டாள்.

20 மார்ச் 2022

நடுவில் ஒருவர், “நேரடி பைபாஸ்தான் சரியான ஆபரேஷன், மற்றதெல்லாம் சும்மா மேலே வைத்து மூடுவது, உங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறார். தம்பி, அதைப் படித்துவிட்டுத் தூங்காமல் இருக்காதீர்கள்.

தோல் தமனியை மூளைத் தமனியோடு நேராகத் தைப்பது பெரியவர்களுக்கு நன்றாக வரும், உடனே ரத்தம் பாயும். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழாய் அவ்வளவு மெல்லிசு. சில மையங்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் தைக்கிறார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. ஆனால் தைக்காமல் மேலே படிய வைக்கும் மறைமுக முறையும் நேற்று வந்ததல்ல. ஜப்பானில் மட்சுஷிமா என்ற சர்ஜன் 1980-ஐ ஒட்டித் தொடங்கியது, அமெரிக்காவில் பாஸ்டனில் ஸ்காட் என்ற சர்ஜன் அதையே கொஞ்சம் மாற்றி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்தார். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குப் புதுக் குழாய் செழிப்பாக முளைக்கிறது. எந்த முறை என்பது அந்தப் பிள்ளையின் ஆஞ்சியோகிராமையும் அந்த சர்ஜனின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் போய் வேறு ஆபரேஷன் நல்லது என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

2 ஏப்ரல் 2022

அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் நோய்) உள்ள பிள்ளைக்கும் இது வருமா என்று கூடலூரிலிருந்து கேட்டவருக்கு: ஆமாம், அந்தப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி தமனி சுருங்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், உடம்பில் காப்பி நிறத் திட்டுகளோடு வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்கும், மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் வரும். அரிவாள் செல் என்றால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ரத்தம் ஏற்றுவது பற்றித் தனியாகத் திட்டமிடுவார்கள். ரத்தநோய் மருத்துவரும் மூளை சர்ஜனும் ஒருவரோடொருவர் பேசுகிற இடமாகப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் மோயாமோயாவைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

17 மே 2022

வலது பக்க மூளை ஆபரேஷனுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே அட்மிட் ஆகச் சொன்னால் எதற்கு என்று கேட்காதீர்கள். இரவு முழுக்க டிரிப்ஸ் ஏற்றுவதற்குத்தான். மயக்க ஊசிக்காகப் பட்டினி போடும் நேரத்தில் உடம்பு வற்றக் கூடாது. பின்னால் எம்.ஆர்.ஐ., பல் பிடுங்குவது என்று எதற்கு மயக்கம் கொடுத்தாலும் இதே ஏற்பாடு வேண்டும். “காலையில் முதல் ஆளாக எடுங்கள், ராத்திரியே டிரிப்ஸ் போடுங்கள்” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிப் பல் டாக்டர் சொன்னால் அவர் பேச்சில் நிறுத்தாமல் சர்ஜனைக் கேளுங்கள்.

வலிக்கு மருந்து கேட்கக் கூச்சப்படாதீர்கள். வலித்தால் அழுவான், அழுதால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வார்டில் ஒரு நர்சம்மா பிளாஸ்திரியை இழுக்காமல், எண்ணெய் தொட்டு ஓரம் ஓரமாக ஊற வைத்து எடுப்பார். அவர் டியூட்டி எப்போது என்று பார்த்துத்தான் கட்டுப் பிரிக்கச் சொல்வேன்.

3 ஆகஸ்ட் 2022

இரண்டு பக்கமும் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முடி வளர்ந்தால் மறையும். எங்களுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் பாக்கி இருந்தது. மாமியார் அவசரப்பட்டார். “ஆஸ்பத்திரியிலேயே மொட்டை போட்டாச்சும்மா, சாமி கணக்கில் எழுதிக்கட்டும்” என்று என் வீட்டுக்காரர் சொல்ல, மாமியாரே சிரித்துவிட்டார். காதுகுத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தோம்.

தலையில் இறுக்கமான தொப்பி, ஹெட்போன், அழுத்துகிற கண்ணாடிக் காம்பு இதெல்லாம் காதுக்கு முன்னால் அந்தத் தமனி ஓடும் இடத்தில் அழுத்தக் கூடாது. கண்ணாடிக் கடையில் சொன்னால் காம்பைத் தளர்த்திக் கொடுப்பார்கள்.

காலையில் தலைவலி வருகிறதாமே. இந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் தலைவலி சகஜம், என் மகளுக்கு இன்னும் எப்போதாவது வரும். தலைவலி வந்தாலே பதற வேண்டியதில்லை. வாந்தி, மயக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது கூடவே வந்தால்தான் ஓட வேண்டும்.

21 அக்டோபர் 2022

மழை தொடங்கிவிட்டது, எல்லாரும் இதை ஒரு முறை படியுங்கள். நம் பிள்ளைகள் ஆஸ்பிரினில் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும்தான். மருந்துக் கடையில் “சீக்கிரம் கேட்கும்” என்று கொடுக்கும் இபுபுரூஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு கூடும். இன்ஃபுளுவென்சா அல்லது சின்னம்மை வரும்போது ஆஸ்பிரின் உடம்பில் இருந்தால், ரை சிண்ட்ரோம் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஒன்று வர வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அதனால் காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டரிடம் போய் “ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளை” என்று சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்று அவரும் சர்ஜனும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நாமாக நிறுத்தினால் அந்தப் பக்கம் ஆபத்து.

வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, மருந்தே கொடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் இருப்பது நம் ஊர் வழக்கம். வேப்பிலை கட்டுங்கள். சர்ஜனுக்குப் போனும் போடுங்கள். ஃப்ளூ ஊசியை வருடா வருடம் போடுங்கள். சின்னம்மைத் தடுப்பூசிக்கு முன்னால் ஆஸ்பிரின் விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

6 ஜனவரி 2023

ஊதக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மா பிசியோதெரபியையே நிறுத்திவிட்டாராம். அப்படி இல்லை அம்மா! கை கால் பயிற்சியை நிறுத்தினால் திரும்பி வருகிற பலமும் போய்விடும். பிசியோதெரபிஸ்டிடம் நோயின் பெயரைச் சொல்லி, களைக்க வைக்காமல் இடைவெளி விட்டுச் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம், பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள்.

என் மகளுக்கு நோய் தெரிவதற்கு முன்பே இடது மூளையில் ஒரு சின்ன ஸ்ட்ரோக் ஆகியிருந்தது. வலது கை விரல்கள் சேராது. பிசியோவில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் மட்டும் விளையாட வைத்தார்கள். வீட்டில் எங்களுக்குக் கைகொடுத்தது கோலப்பொடி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பொடியைக் கிள்ள வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கிள்ளுவது சீக்கிரம் வந்துவிட்டது. விடுவதுதான் வரவில்லை. பொடி அப்படியே பொத்தென்று விழும், புள்ளி பெரிய வட்டமாகிவிடும். வாசலெல்லாம் வெள்ளை வட்டம். பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து அந்த வட்டங்களைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிவிட்டுப் போவார். புள்ளி சிறுக்கச் சிறுக்க, கை தேறுவது எங்களுக்கே கண்ணில் தெரிந்தது.

7 ஜனவரி 2023

இடது கையால் சாப்பிடுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சாப்பிடட்டும். எங்கள் அத்தை முதலில் “பீச்சாங்கையால் சோறா” என்று முகம் சுளித்தார். விசேஷ வீட்டுப் பந்தியில் ஒரு பெரியவர் அவள் கையைத் தட்டிவிட, அத்தையே எழுந்து, “அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போடுது, பேசாமச் சாப்பிடுங்க” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. சொந்தத்தில் கட்டினதால்தான் வந்தது, கர்ப்பத்தில் அதைத் தின்றாய் இதைத் தின்றாய் என்று அம்மாக்கள் மேல் பழி போடுபவர்களுக்கும் இதே மாதிரி யாராவது எழுந்து பதில் சொல்ல வேண்டும். 2011-இல் ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவோடு தொடர்பு கண்டுபிடித்தார்கள். ஜப்பான், கொரியாவில் அதில் ஒரு மாற்றம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் அது இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. தாய் தின்றதால் வந்த நோய் இல்லை இது.

19 ஜூன் 2023

தம்பி, ஒரு வருட ஆஞ்சியோகிராமில் இடது பக்கம் ஏ, வலது பக்கம் பி என்று வந்ததற்கு அர்த்தம் கேட்டீர்கள். மட்சுஷிமா கிரேடு அது. நடு மூளைத் தமனி பாய வேண்டிய பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புதுக் குழாய்கள் பிடித்துக்கொண்டால் ஏ. மூன்றில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை பி. அதற்கும் கீழே சி. நல்ல செய்திதான், ஸ்வீட் வாங்குங்கள்.

முன்னால் எழுதிய ஒன்றைப் பற்றி இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பிள்ளையை அழ விடக் கூடாது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். முதல் வருடத்துக்கு அது சரி. ஆனால் அழாமல் பார்த்துக்கொள்வது வீட்டை என்ன செய்யும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பெரியவர்கள் அவள் உதடு பிதுங்குவதைப் பார்த்தே ஓடுவோம். பொம்மை, சாக்லேட், போன். அண்ணனை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொன்னோம். அவனுக்கும் எட்டு வயதுதான். “அழுதுடுவேன்” என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவான். ஆஞ்சியோகிராம் பார்த்த அன்று சர்ஜன், “இனிமேல் அழட்டும்” என்றார். அன்று சாயங்காலம் போனைத் திருப்பி வாங்கினேன். அழுதாள். கட்டிலில் உட்கார்ந்து அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஒவ்வொன்றும் அசைந்தது. அழுது ஓய்ந்து, தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகும் அவளை அழ விட எனக்குத்தான் நாளானது. அண்ணனிடம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவன் சொன்ன பதில், “பரவாயில்லம்மா, அவளே ஓட்டட்டும், பழகிடுச்சு.” உங்கள் பெரிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

20 ஜூன் 2023

அழ விடுவது பற்றி மேலே எழுதியதற்கு ஒரு நிபந்தனை: ஸ்கேன் பார்த்து உங்கள் சர்ஜன் சொன்ன பிறகுதான். நான் எழுதினேன் என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம். சி வந்தவர்களுக்கும், பின்பக்கத் தமனியும் சுருங்கத் தொடங்கியவர்களுக்கும் கணக்கு வேறு, இன்னொரு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்.

11 பிப்ரவரி 2024

பள்ளிக்கூடம். ஒரு தனியார் பள்ளி எங்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு “ரிஸ்க் எடுக்க முடியாது” என்று இடம் தரவில்லை. பெயர் எழுதப் போவதில்லை. இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறாள், டீச்சர் தங்கம். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். அதைப் பேப்பரில் படித்த அந்த டீச்சர் தன் வகுப்பில் எல்லாரையும் ஒன்றாகக் குடிக்க வைக்கிறார், இவள் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று.

அறிவு குறையவில்லை, வேகம்தான் குறைவு. “பையை வை, கை கழுவு, தட்டு எடுத்துட்டு வா” என்று ஒரே மூச்சில் சொன்னால் பையை வைத்துவிட்டு நிற்பாள். வெகு நாள் சோம்பல் என்றே நினைத்தார்கள். கவனம், வரிசைப்படுத்துவது, வேகம் இவற்றைப் பார்க்கும் மூளையின் முன்பகுதியிலும் இந்த நோயில் ரத்தம் குறைகிறது. இவற்றை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை ஒன்று எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றாகச் சொன்னால் எல்லாம் செய்வார்கள்.

30 ஆகஸ்ட் 2025

விளையாட்டு பீரியடில் மகனை மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பையன், இரண்டு வருடமாக ஒரு தடவைகூடக் கை விழவில்லை, எதற்கு உட்கார வேண்டும்? சர்ஜனிடம் கடிதம் வாங்குங்கள். எது கூடும், எது கூடாது, களைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பி.டி. சார் படிக்க வேண்டுமே. எங்களுடையதில் ஓடலாம், கோகோ ஆடலாம், வெயிலில் நீண்ட தூர ஓட்டம் வேண்டாம், தலையில் அடிபடும் ஆட்டம் வேண்டாம் என்று இருக்கிறது. நீச்சலுக்குப் பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும்.

பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் மாற்றுத்திறன் சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்குங்கள். பல சலுகைகளுக்கு நாற்பது சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நீடித்த நரம்பியல் பாதிப்பும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. மருத்துவக் குழுவுக்குப் போகும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மட்டும் கொண்டுபோகாதீர்கள், மேலே சொன்ன நியூரோசைக்காலஜி ரிப்போர்ட்டையும் வையுங்கள். கையைப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்பார்கள், வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு எழுத ஆள் வைக்கலாம் என்று சொன்னார்கள். மகள் வேண்டாம் என்றுவிட்டாள், கூடுதல் நேரம் மட்டும் போதுமாம், எழுத்து அவளுடையதாகவே இருக்க வேண்டுமாம். அதனால் விண்ணப்பத்தில் எதைக் கேட்பது என்று முதலில் உங்கள் பையனிடம் கேளுங்கள்.